மேடை தந்த வணிகர்

காவிரிப்பூம்பட்டினத்தில் அறிஞர்கள் கூடி வாதிட்ட பட்டிமண்டபம் ஒன்று இருந்தது. அதை மகத நாட்டு வேந்தன் சோழனுக்குக் கொடுத்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். மண்டபம் வந்தது வடபுலத்து மன்னனின் பொருளால். அதில் நிகழ்ந்த வாதங்களோ மகதத்தின் புகழ் பாடுவதற்காக நிகழ்ந்தவை அல்ல. பொருள் கொடுப்பவர் ஒருவராகவும் சொல் கொடுப்பவர் வேறொருவராகவும் இருக்கும் இந்த ஏற்பாடு தமிழர்க்குப் பழையது. இதில் எழும் ஐயமும் அதே அளவு பழையது. பணப்பையை அவிழ்த்தவர் நாவையும் கட்டிவிடுவாரோ என்பதே அந்த ஐயம்.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் இவ்வையத்திற்கு ஆகப் பெரிய அளவில் ஆளானவர் அரசர் சர் அண்ணாமலை செட்டியார். மேடையும் அமைத்தார், பரிசும் வைத்தார், ஒரு வழக்கில் தாமே ஒரு பக்கம் நின்றும் காட்டினார். ஆதலால் அவருடைய வாழ்வு ஒரு வள்ளலின் வரலாறு மட்டுமன்று. கொடைக்கும் கருத்துரிமைக்கும் இடையே உள்ள உறவின் வரலாறும் ஆகும்.

கானாடுகாத்தான்

அண்ணாமலையார் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தார். தந்தையார் முத்தையா செட்டியார். தாயார் மீனாட்சி ஆச்சி. நகரத்தார் மரபில் ஆண் குழந்தைக்கு முதற்கல்வி கணக்கு. ஐந்தொகை போடவும், வட்டி கணக்கிடவும், தொலைதூரக் கிட்டங்கியிலிருந்து வரும் கடிதத்தின் வரிகளுக்கிடையே உள்ள நிலவரத்தை உணரவும் அக்கல்வி பயிற்றியது. அண்ணாமலையாரும் அக்கல்வியில் வளர்ந்தவரே.

நகரத்தார் கணக்கேட்டில் வணிகத்தின் வரவுசெலவோடு மகமை என்ற பற்றும் இருக்கும். ஆதாயத்தில் ஒரு பங்கை அறத்திற்கென ஒதுக்கி வைப்பது மகமை. தலைமுறை தலைமுறையாக அப்பொருள் பெரும்பாலும் கோயில் திருப்பணிக்கே சென்றது. சோழரும் பாண்டியரும் எழுப்பிய கற்றளிகள் பல பிற்காலத்தில் இடியாமல் நின்றது அம்மகமையால்தான். மகமையின் திசையைக் கல்விக்கும் திருப்பியவர்களுள் அண்ணாமலையாரின் தமையனார் இராமசாமி செட்டியாரும் ஒருவர். 1907இல் இந்தியன் வங்கி தோன்றத் துணைநின்றவர். சிதம்பரத்தில் உயர்நிலைப் பள்ளி ஒன்றை நிறுவியவர். 1918இல் அவர் மறைந்தார். தமையனார் இட்ட வித்தைத் தோப்பாக்கும் பொறுப்பு இளையவரிடம் வந்தது.

பொருளின் ஊற்று

கொடையைப் பேசும்போது கொடைக்கு வந்த பொருள் எங்கிருந்து வந்தது என்று பேசாமல் விடுவது வழக்கம். அவ்வாறு விடுவது வரலாறாகாது. நகரத்தார் செல்வத்தின் பெரும்பகுதி கடல் கடந்த நாடுகளில், சிறப்பாகப் பர்மாவில், விளைந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காட்டை நெல்வயலாக்கிய உழவர்க்கு முதல் கொடுத்தவர்கள் நகரத்தார்கள். ஆங்கில வங்கிகள் அவ்வுழவரை ஏறெடுத்தும் பாராத காலம் அது. 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் நகரத்தார் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது.

பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை வீழ்ந்தது. கடனைக் கட்ட இயலாத உழவர் நிலத்தைக் கொடுத்தனர். கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1937இல் 25 பங்காயிற்று. நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அல்லர்; ஆயினும் நிலமிழந்த பர்மிய உழவன் கண்ணுக்கு அவ்வேறுபாடு தெரியவில்லை. அறத்தின் பொருட்டு ஒதுக்கப்பட்ட பணத்தின் மறுபக்கத்தில் இப்படி ஒரு கண்ணீரும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டே அண்ணாமலையாரின் கொடையை மதிப்பிட வேண்டும். அப்போதுதான் அக்கொடை எதை மீட்டது என்பதும் விளங்கும்.

மீனாட்சி கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் வரை

1920இல் தாயாரின் பெயரால் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை அண்ணாமலையார் தொடங்கினார். அதைத் தொடர்ந்து மீனாட்சி தமிழ்க் கல்லூரி பிறந்தது. சுவடிகளுக்கு உயிர் தந்த உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை அதன் தலைவராக இருந்தார். தமிழ்ப் புலமைக்குக் கல்லூரியில் தலைமை இடம் கிடைப்பது அரிதாக இருந்த நாளில் இது சிறு செய்தியன்று.

1857இல் அமைந்த சென்னைப் பல்கலைக்கழகமே தென்னகம் முழுமைக்கும் நெடுங்காலம் தேர்வு நடத்தி வந்தது. 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தோன்றியபோது தமிழ்ப் பகுதிக்கும் ஒன்று வேண்டும் என்ற குரல் வலுத்தது. அண்ணாமலையார் தம் கல்லூரிகளையும் 20 இலட்சம் ரூபாயையும் அளிக்க முன்வந்தார். 1928இல் சட்டம் நிறைவேறியது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திருவேட்களத்து மண்ணில் பணி தொடங்கியது. 1923இல் சர் பட்டம் பெற்றிருந்த அவருக்கு அரசப் பட்டமும் 1929இல் வந்தது.

இக்கொடையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நிறுவனரும் அவர்க்குப் பின் அவர் வழித்தோன்றலும் இணைவேந்தராக விளங்குவர் என்பதைச் சட்டமே ஏற்றது. துணைவேந்தரைத் தேர்வதிலும் அவர்கள் சொல்லுக்கு இடம் இருந்தது. மண்டபத்தைக் கொடுத்தவர் அதன் திறவுகோலில் ஒன்றைத் தம் கையில் வைத்துக்கொண்டார். கோயில் திருப்பணி செய்த குடும்பத்திற்குப் பரம்பரை அறங்காவல் உரிமை என்ற பழைய மரபை அவர் பல்கலைக்கழகத்திற்கும் கொண்டுவந்தார் எனலாம். அதன் நன்மையும் தீமையும் பின்னரே வெளிப்பட்டன.

பேச்சு வளர்ந்த பண்ணை

சென்னைப் பல்கலைக்கழகம் பரந்து கிடந்த கல்லூரிகளின் தொகுதி. அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிப் பயிலும் இடம். மாலை மணியடித்ததும் கலைந்து போகும் கூட்டம் அங்கு இல்லை. விடுதியில் உண்ட பின்னும் வாதம் தொடரும். பேச்சுக்கலை வளர இதைவிட ஏற்ற சூழல் வேறில்லை.

அம்மேடைக்கு அழைக்கப்பட்டவர்களை நோக்கினால் நிறுவனரின் உள்ளம் ஓரளவு புலப்படும். முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் விபுலானந்த அடிகள் வந்தார். ஈழத்திலிருந்து வந்த அத்துறவியே பிற்காலத்தில், 1947இல், யாழ் நூலைத் தந்தார். அடிகளுக்குப் பின் 1933இல் நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். வ.உ. சிதம்பரனாரின் தோழர், விடுதலை மேடையில் முழங்கியவர். ஆங்கில அரசின் பட்டத்தைத் தாங்கிய ஒருவர் நிறுவிய இடத்தில் அவ்வரசை எதிர்த்தவர் தமிழ்த் துறையின் தலைவரானார். 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த சீனிவாச சாஸ்திரியார் மிதவாதி. ஆங்கிலப் பேச்சில் உலகறிந்த வல்லுநர். அவருக்குப் பின் வந்த கே.வி. ரெட்டி நாயுடு நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவர். கொள்கையால் ஒருவரையொருவர் மறுத்த இவர்கள் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து இடம் பெற்றனர்.

சாஸ்திரியார் காலத்தில் அவ்வளாகத்தில் ஆங்கிலச் சொற்போருக்கே மதிப்பு மிகுதி. பத்தாண்டுகளுக்குள் காற்று திசைமாறியது. நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கு மாணவராயினர். அறிஞர் அண்ணா அங்கு வந்து உரையாற்றினார். தமிழகத்தின் அரசியல் மொழியையே மாற்றப் போகும் அடுக்குத்தொடரும் எதுகை நடையும் அவ்வளாகத்தின் இளைஞரிடையே பயிற்சி பெற்றன. செல்வரையும் பட்டங்களையும் சாடும் இயக்கம் ஒன்றின் நாவலர்கள், செல்வரும் பட்டதாரருமான ஒருவர் அமைத்த வளாகத்திலிருந்து புறப்பட்டனர். மேடையின் இயல்பு அது. எழுப்பும் வரைதான் அது எழுப்பியவர்க்குரியது. ஏறிய பின் அது ஏறியவர்க்குரியது.

பத்தாயிரம் ரூபாய்ப் பரிசு

அண்ணாமலையார் தம் கொடையால் ஒரு வழக்கையே மூட்டிவிட்ட ஆண்டு 1940. தமிழில் புதிய இசைப்பாடல்கள் இயற்றப்படுவதற்கும் பழைய பாடல்கள் இசைக்குறிப்போடு வெளிவருவதற்கும் ஊக்கமாகப் பரிசுகள் வழங்குமாறு பத்தாயிரம் ரூபாயைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை வேண்டும் என்று அது வற்புறுத்தியது.

உடனே இசையுலகம் இரண்டாகப் பிரிந்தது. சென்னை இசைவாணர் சங்கமாகிய மியூசிக் அகாடமி, இசையின் தரத்தைக் காப்பதே குறிக்கோளாக வேண்டும், மொழியை முன்னிறுத்தி இசையைக் கட்டுப்படுத்தலாகாது என்ற நிலையை எடுத்தது. தியாகராசரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் காவிரிக் கரையில் பிறந்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய தெலுங்குப் பாடல்களும் வடமொழிப் பாடல்களும் இம்மண்ணின் செல்வம் அல்லவா என்று அத்தரப்பினர் கேட்டனர். இசை சொல்லைக் கடந்தது என்றனர். மேலாக, பணமுடையார் ஒருவர் பரிசு வைத்துக் கலையின் போக்கைத் திருப்ப முயல்வது முறையோ என்ற வினாவும் எழுந்தது.

மறுபக்கத்தில் இராசாசி, கல்கி, டி.கே. சிதம்பரநாத முதலியார், ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் நின்றனர். தமிழ்நாட்டு அவையில் தமிழ் துக்கடாவாக, கச்சேரி முடியும் வேளையில் பாடப்படும் உதிரிப் பொருளாக ஒதுங்கிக் கிடப்பது ஏன் என்று அவர்கள் கேட்டனர். பொருள் விளங்காமல் தலையசைக்கும் கேட்போனுக்கு இசையின் பாதிதானே கிட்டுகிறது என்றனர். பிற மொழிப் பாடல்களை விலக்கச் சொல்லவில்லை, வீட்டுக்குரியவளை வாசலில் நிறுத்தாதீர் என்பதே வேண்டுகோள் என்று விளக்கினர்.

அண்ணாமலையார் இவ்வழக்கில் இறங்குவதற்கு இடமும் ஒரு காரணமாயிற்று எனலாம். தமிழிசை மூவர் எனப்படும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரும் சீகாழி, தில்லைவிடங்கன் எனச் சிதம்பரத்தின் சுற்றுவட்டத்தில் வாழ்ந்தவர்கள். நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியின் உள்ளமும் தில்லையையே சுற்றியது. பல்கலைக்கழக வாயிலிலிருந்து கூப்பிடு தொலைவில் பிறந்த பாடல்கள் அரங்கில் ஏறாதிருந்தன. சிதம்பரத்தைத் தம் ஊராக ஏற்றுக்கொண்ட ஒருவர்க்கு இது உறுத்தியிருக்கும் என்று கருதுவது பிழையாகாது.

இனி, எதிர்த்தரப்பினர் எழுப்பிய வினாவுக்கு வரலாறு தந்த விடை என்ன? பரிசு பல பாடல்களைப் பிறப்பித்தது. பல்கலைக்கழகம் அவற்றையும் பழம்பாடல்களையும் தொகுதிகளாக வெளியிட்டது. ஆயினும் அத்தொகுதிகளில் உள்ள பாடல்கள் அனைத்தும் கச்சேரி மேடையில் நிலைபெறவில்லை. பாடகர் நெஞ்சிலும் கேட்போர் செவியிலும் இடம் பிடித்தவை நின்றன. மற்றவை அச்சேட்டில் உறங்குகின்றன. பரிசு ஒரு பாடலை எழுதுவிக்கலாம். அதைப் பாடுவிக்கும் ஆற்றல் பரிசுக்கு இல்லை. மறுபுறம், பரிசால் பிறவாத பழம்பாடல்களுக்கு அவ்வழக்கே வாழ்வு தந்தது. முத்துத்தாண்டவரையும் அருணாசலக் கவிராயரையும் பாடகர்கள் தேடி எடுத்துப் பாடலாயினர். ஆகவே அண்ணாமலையாரின் பத்தாயிரம் ரூபாய் ஈட்டித் தந்த பேராதாயம் பரிசு பெற்ற பாடல்கள் அல்ல. பத்தாண்டுக் காலம் தமிழகம் முழுதும் நடந்த வாதமே ஆகும். எதிர்த்தவரும் அவ்வாதத்தால் தம் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டியவராயினர்.

ஒரு குறையும் இங்கே சொல்லத் தக்கது. பரிசு வைத்தவரே ஒரு தரப்பின் தலைவராகவும் நின்றார். போட்டிக்குப் பொருள் தருபவர் தீர்ப்பின் திசையையும் முன்கூட்டி உணர்த்திவிட்டால், நடுநிலையாளர் ஒதுங்குவர். தமிழிசைக்கு நண்பராகியிருக்கக் கூடிய இசைவாணர் சிலர் அந்நாளில் விலகி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

இழந்ததும் நின்றதும்

1942இல் சப்பானியப் படை பர்மாவில் புகுந்தது. கடைகளையும் கணக்கேடுகளையும் விட்டுவிட்டுத் தமிழர்கள் கால்நடையாகக் காடு கடந்து வந்தனர். பல தலைமுறைகள் ஈட்டிய முதல் சில மாதங்களில் கை நழுவிற்று. போருக்குப் பின்னும் அது மீளவில்லை. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. உழவனிடமிருந்து வந்த நிலம் உழவன் நாட்டிற்கே திரும்பியது.

அப்பேரிழப்பின் நடுவிலேயே, 1943இல், அண்ணாமலையார் சென்னையில் தமிழிசைச் சங்கத்தை நிறுவி முதல் இசைவிழாவையும் நடத்துவித்தார். கையிருப்பு கரையும் நாளில் கொடையைச் சுருக்குவது வணிகர் இயல்பு. அவர் சுருக்கவில்லை. பெட்டியில் வைத்தது போகும், கொடுத்தது நிற்கும் என்ற பழைய உண்மை அவருக்குக் கணக்கேட்டிலேயே தெரிந்திருந்தது. பர்மாவில் வைத்தவை போயின. 1929இல் திருவேட்களத்தில் வைத்த 20 இலட்சம் போகவில்லை.

1948ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் அண்ணாமலையார் மறைந்தார். அவர் பெயரால் சென்னையில் எழுந்த அண்ணாமலை மன்றம் 1952இல் தமிழிசைச் சங்கத்திற்கு நிலையான அரங்காயிற்று. மூத்த மகனார் முத்தையா செட்டியார் இணைவேந்தர் பொறுப்பையும் தமிழிசைப் பணியையும் ஏற்றார்.

திறவுகோலின் கதை

1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த மாணவர் போரில் அண்ணாமலைநகர் முன்னணியில் நின்றது. அங்கே துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ஒருவர் உயிர் நீத்தார். நிறுவனர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பின் அவ்வளாகம் பேசிய பேச்சு அது. எந்தக் கொடையாளரும் திட்டமிட்டு வருவிக்க இயலாத பேச்சு. எந்தக் கொடையாளரும் தடுத்திருக்க இயலாத பேச்சும் ஆகும்.

கையில் வைத்துக்கொண்ட அந்தத் திறவுகோல் என்னாயிற்று? நிறுவனர் குடும்பத்தின் உரிமை மூன்று தலைமுறை நீடித்தது. தொடக்க நாளில் அது நிறுவனத்திற்கு அரணாக இருந்தது. அக்கறையோடு பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். காலம் செல்லச் செல்லப் பல்கலைக்கழகம் பல்லாயிரவரைக் கொண்ட பெருநகராகியது. பழைய ஏற்பாடு அதைத் தாங்கவில்லை. நிதி நெருக்கடி முற்றிய நிலையில் 2013இல் தமிழக அரசு புதிய சட்டம் இயற்றி நிருவாகத்தை ஏற்றது. பரம்பரை இணைவேந்தர் பதவி அத்துடன் முடிந்தது. பல்கலைக்கழகம் தொடர்கிறது, பெயரும் தொடர்கிறது. கொடுத்தது நின்றது, கொடுக்காமல் வைத்துக்கொண்டதே போயிற்று. பர்மா கற்பித்த பாடத்தையே சிதம்பரமும் கற்பித்தது.

இன்று தமிழ் அமைப்பு எதுவும் ஒரு பேச்சுப் போட்டியோ கவியரங்கமோ நடத்தப் புறப்பட்டால் துணிக்கடையையோ நகைக்கடையையோ வங்கியையோ நாட வேண்டியிருக்கிறது. மேடைக்குப் பின்னால் தொங்கும் திரையில் புரவலர் பெயர் போட்டியின் தலைப்பைவிடப் பெரிதாக இருப்பதும் உண்டு. அதைக் கண்டு நாணுவோரும் உளர். அதுவே இயல்பென்று அமைவோரும் உளர். அண்ணாமலையாரின் வாழ்வு இவ்விருவர்க்கும் ஒருங்கே விடை தருகிறது. வணிகர் பொருளால் சொல் மாசுபடும் என்பது முழு உண்மையன்று. அவர் பொருளால் எழுந்த மேடையில் அவரை மறுப்போரும் பேசினர். பொருள் வந்தால் போதும், மற்றவை தாமே அமையும் என்பதும் உண்மையன்று. தலைப்பைத் தேர்வதும் நடுவரை அமர்த்துவதும் கொடையாளர் கையில் தங்கும் அளவுக்கு மேடை சுருங்கும்.

வாங்குவோர் கேட்க வேண்டியது தொகை எவ்வளவு என்பதை மட்டுமன்று. திறவுகோல் யாரிடம் என்பதையும்தான். கொடுப்போர் எண்ண வேண்டியது பெயர் எங்கே எழுதப்படும் என்பதையன்று. தம்மை மறுத்துப் பேசும் இளைஞனுக்கும் அம்மேடையில் இடம் உண்டா என்பதை. அண்ணாமலை அரசர் இதில் பாதியை அறிந்து செய்தார். மீதிப் பாதியை அவர் எழுப்பிய மேடையே செய்துகொண்டது. ஒரு வணிகரின் கணக்கேட்டில் இதைவிட உயர்ந்த ஆதாயம் எழுதப்பட்டிருக்க இயலாது.